மனசுக்கு வைத்தியம் எங்கே பார்ப்பது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தெரபிக்கு, அதாவது பேச்சு மூலம் செய்யும் மனநலச் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்பவர்களைவிட, போவதென்றால் எங்கே போவது என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையனும் கேட்கிறான், அரூர் பக்கம் பிரசவமாகி மாதக்கணக்கில் அழுகை நிற்காத பெண்ணின் அம்மாவும் கேட்கிறார். பெரியாஸ்பத்திரியா, தனியார் டாக்டரா, பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையா, போன் உதவி எண்ணா, செல்போனில் வீடியோ கவுன்சிலிங்கா? இதற்கு நடுவே வீட்டில் ஒருவர், முதலில் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்பார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே சிறந்த இடம் எது என்று தேடி அலைவதைவிட, பத்து வாரம் விடாமல் போய்வர முடிகிற இடம் எது என்று பார்ப்பதுதான் நம் பக்கத்துக்குச் சரிப்படும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

## ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத நேரம்

சில நிலைகளில் எதையும் ஒப்பிடாமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசுவது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, சோறு தண்ணீர் இறங்காமல் படுத்தே கிடப்பது, பிரசவமான சில நாட்களில் தாய் குழம்பிப்போய் ஆளே மாறியதுபோல நடந்துகொள்வது. இவற்றுக்கு 108ஐ அழைக்கலாம், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தேவைப்படுவது சிகிச்சை, தண்டனையில்லை என்பதுதான் அதன் நிலை. எனவே டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

## தெரபியில் என்னதான் நடக்கிறது?

யாரோ எதிரே உட்கார்ந்து அறிவுரை சொல்வார்கள் என்று நினைப்பவர்கள் பலர். அறிவுரை நம் வீடுகளிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, அதற்குக் காசு கொடுத்துப் போக வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் போகும்போது ஒருவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. ஹார்ட் அட்டாக் என்று பயந்து பாதியில் இறங்கிவிடுகிறார். ஈசிஜி எடுத்தால் நார்மல். அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்தாலே பயம், அதனால் போவதில்லை. போகாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி போடுகிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும், சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் முறையில், உளவியலாளர் முதலில் இந்தச் சுற்றை அவரோடு சேர்ந்து தாளில் எழுதிப் பார்ப்பார். படபடப்பு ஏறினாலும் ஆளை ஒன்றும் செய்யாது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும் என்பதை அவரே அனுபவித்துத் தெரிந்துகொள்ளும்படி செய்வார். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் நிற்பது, அடுத்து ஒரு ஸ்டாப், அப்புறம் பாதி வழி. நடுநடுவே வீட்டுப்பாடமும் உண்டு. வாரம் ஒரு முறை, 45 அல்லது 50 நிமிடம், மொத்தம் 12 முதல் 20 முறை என்பது வழக்கமான அளவு.

இன்னும் குறைவாகவும் போதலாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே பேசி உதவியவர்கள் டாக்டர்களோ உளவியல் பட்டதாரிகளோ கிடையாது, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். 6 முதல் 8 முறை சந்தித்து, நின்றுபோன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைத்தார்கள். மனச்சோர்வு குறைந்தது. நம் ஊரில் எல்லாரும் நினைப்பதுபோல இதற்குப் பெரிய ஊரின் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை.

தெரபியால் ஆகாதவையும் உண்டு. கடன் அடையாது, மாமியார் மாறமாட்டார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவக் கோளாறு (பைபோலார்) போன்றவற்றுக்கு மருந்து கட்டாயம், பேச்சு அதற்குத் துணைதான். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் தேவையில்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது சில தூக்க மாத்திரைகளிடம், அவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கித் தொடர்வதுதான் ஆபத்து.

ஒரு சின்ன விஷயம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் சோர்வு, மறதி, எதிலும் பிடிப்பின்மை என்று மனச்சோர்வு வேடம் போடும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் கேள்வி, தொடர்ந்து போக முடியுமா? தூரம், ஷிப்ட், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், ஒரு நாள் கூலி எல்லாம் இதில் அடக்கம்.

இரண்டாவது மொழி. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் ஏராளம். கணக்கு வழக்கைத் தமிழில் பேசலாம், துக்கத்தை எந்த மொழியில் அழுவீர்களோ அந்த மொழியில்தான் சொல்ல வரும்.

மூன்றாவது, யார் கண்ணில் படுவோம் என்ற கேள்வி. கல்யாணம் ஆகாத பெண் இருக்கும் வீடுகளில் உண்மையான தடை இதுதான். இதை அசட்டுப் பயம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, சம்பந்தம் பேசும்போது என்னென்ன விசாரிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் செலவு, பார்ப்பவரின் தகுதி, பேசக் கிடைக்கும் நேரம்.

## அரசு மருத்துவமனை

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, இரண்டிலும் மனநலம் பார்க்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகிறது. உங்கள் ஊருக்கு என்றைக்கு என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அந்த அக்காவிடம் விசாரித்தாலும் தகவல் கிடைக்கும்.

டாக்டர் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு பஸ் செலவும் மிச்சம். பின்னாளில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவைப்பட்டால் அதற்கும் இங்கேதான் வர வேண்டும், பழைய சீட்டுகள் அப்போது உதவும்.

வெளியே தெரியாத செலவு நேரம். ஓபி வரிசை, மருந்து வரிசை என்று அரை நாள் போகும், கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது அரை நாள் கூலி. கூட்ட நாளில் டாக்டரால் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கொடுக்க முடிவதில்லை. கல்லூரி மருத்துவமனை என்பதால் அடுத்த முறை வேறொரு டாக்டர் இருக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். வரிசையில் நம் தெருக்காரர் நிற்கவும் வாய்ப்புண்டு. (அவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார் என்பது என் ஆறுதல்.)

மாத்திரை கேட்டு நிறுத்திவிடாமல், பேசிப் பார்க்கவும் உளவியலாளர் இருக்கிறாரா, என்றைக்கு வரலாம் என்று கேளுங்கள். கேட்காதவருக்குப் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டு மட்டுமே கிடைக்கிறது. மருந்து நிச்சயம் தேவைப்படும் நோய்களுக்கும், மாதக்கணக்கில் மாத்திரை வாங்கச் சக்தி இல்லாதவர்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

## தனியார் மருத்துவர், உளவியலாளர்

இங்கே முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் டாக்டர் இல்லை, மருந்து எழுதமாட்டார், பேச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் வைத்திருப்பார். கவுன்சிலர் என்ற போர்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. முதுகலைப் பட்டம் பெற்று நன்றாகச் செய்பவர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என் பிரச்சினைக்கு எந்த முறையில் உதவுவீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

நேரம் குறித்துப் போகலாம், ஒரே ஆளிடம் தொடரலாம், மாலையிலும் பார்க்கலாம். ஊரில் தெரியக் கூடாதென்றால் தர்மபுரிக்காரர் சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்காரர் ஓசூருக்கும் போகலாம்.

செலவை ஒரு முறைக்குக் கணக்குப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வாரத்துக்கு 12,000, அதோடு பஸ், சாப்பாடு, விட்ட சம்பளம். மூன்றாவது வாரம் கை கடித்து நின்றுபோவதுதான் அடிக்கடி நடப்பது. முதல் நாளே, எனக்கு இவ்வளவுதான் முடியும், இதற்குள் எதைச் செய்யலாம் என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு நடுவில் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்வது, பாதியில் விடுவதைவிட நல்லது.

மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் பாகுபாடு கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் சாதாரண பாலிசிகள் அட்மிஷன் ஆனால்தான் பணம் தரும், வாராந்திர கவுன்சிலிங்குக்குப் பெரும்பாலும் தராது. ஓசூர் தொழிற்சாலைகளில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள், தனியாருக்குக் கொடுக்கும் முன் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை கேட்டுப் பாருங்கள். அவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு 70 சதவீதச் சம்பளம் உதவித்தொகையாகக் கிடைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

## பெங்களூரு நிமான்ஸ்

நம் பக்கத்தில் இந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு பெரிது, அதற்குத் தகுதியான இடமும்தான். 1974இல் உருவான நிறுவனம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. பல டாக்டர்கள் பார்த்தும் என்ன நோய் என்று தெளிவாகாதபோது, இரண்டு மூன்று மருந்து மாற்றியும் கேட்காதபோது, வலிப்பும் மனப் பிரச்சினையும் சேர்ந்திருக்கும்போது, குழந்தைகளின் சிக்கலான பிரச்சினைகளுக்கு, கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற தீவிரமான ஓசிடிக்கு அங்கே போவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் வாராவாரம் தெரபிக்கு? ஓசூர்க்காரருக்கு 40 கிலோமீட்டர்தான், முடியலாம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர், ரயிலும் கிடையாது. தர்மபுரியிலிருந்து ரயில் இருந்தாலும் தூரம் இன்னும் அதிகம். விடியற்காலை கிளம்பி இரவு திரும்ப வேண்டும், கூட வருபவருக்கும் ஒரு நாள் வேலை போகும். நோயைக் கண்டறியவும் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் நிமான்ஸ், தொடர்ந்து மாத்திரை வாங்கவும் பேசவும் உள்ளூர் என்று பிரித்துக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. திரும்பும்போது, ஊரில் காட்ட ஒரு சுருக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

## 14416

டெலி மானஸ் என்ற இந்த இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு நட்புடன் உங்களோடு என்று பெயர் வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் நெஞ்சை அடைக்கும்போது மனம்விட்டுப் பேச வேறு வழி கிடைப்பது அரிது.

குறை என்னவென்றால், அடுத்த முறை அழைத்தால் எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். பன்னிரண்டு வாரத் தெரபிக்கு இது ஈடாகாது. ஆனால் எங்கே போவதென்றே தெரியாதவருக்குத் தொடங்க இதுதான் இடம், பக்கத்தில் எங்கே காட்டலாம் என்றும் சொல்வார்கள். மறைந்திருக்கும் சிக்கல், தனியாகப் பேச இடம். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தால் எங்கே போய்ப் பேசுவது? மொட்டை மாடியோ தோட்டமோ தேட வேண்டியதுதான்.

## வீடியோ கவுன்சிலிங்

ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், தாய்மொழியில் பேசுபவர் உள்ளூரில் கிடைக்காதவர்களுக்கும் நல்லது. நேரில் சந்திப்பதற்கு ஈடான பலன் பல பிரச்சினைகளுக்குக் கிடைக்கிறது. செயலியில் மாதத் திட்டம் எடுத்துத் தானாகப் பணம் பிடிக்கும்படி வைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

## கோயில், தர்கா, குறி சொல்பவர்

அதியமான்கோட்டை காலபைரவரிடம் பூசணிக்காய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தால் மனசு லேசாகிறது என்றால் தாராளமாகப் போங்கள். அதில் வரும் தெம்பு உண்மையானது, எந்த டாக்டரும் தடுக்கமாட்டார். கூட நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே பாதி மருந்து.

பார்க்க வேண்டியது இரண்டுதான். மாத்திரையை நிறுத்து என்று சொல்பவரிடமும், அடுத்தடுத்துப் பரிகாரம் என்று பணம் கேட்பவரிடமும் நிற்கக் கூடாது. கட்டிவைக்கும் இடத்தில் ஆளை விடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

## ஒரே பார்வையில்

| வழி | கையிலிருந்து போவது | கண்ணில் படாத செலவு | பேச நேரம் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| அரசு மருத்துவமனை | ஏறக்குறைய ஒன்றுமில்லை | அரை நாள் கூலி, மாறும் டாக்டர்கள் | குறைவு, கேட்டால் கூடும் | மருந்து தேவைப்படுவோர், நீண்டகாலச் சிகிச்சை |
| தனியார் | அதிகம் | பாதியில் நிற்கும் அபாயம், தகுதி இல்லாதவரிடம் மாட்டுவது | நிறைய | பதற்றம், துக்கம், குடும்பச் சிக்கல் |
| நிமான்ஸ் | கட்டணம் குறைவு, பயணம் அதிகம் | இருவரின் ஒரு நாள் | முதல் முறை விரிவாக | நோய் தெளிவாகாதவர், மருந்து கேட்காதவர் |
| 14416 | இலவசம் | தனிமை, அடுத்த முறை வேறு ஆள் | அந்த அழைப்பு வரை | முதல் அடி, நள்ளிரவு |
| வீடியோ | நடுத்தரம் | தானாகப் பிடிக்கும் சந்தா | நிறைய | ஷிப்ட், மொழி, ஊரார் கண் |

## சில நிலைமைகள், என் தேர்வு

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் பசி கெட்டுவிட்டது, ஆனால் வேலைக்குப் போய்வருகிறீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, அதே வாரத்தில் 14416. அப்புறம் வசதியைப் பொறுத்து தனியாரோ வீடியோவோ. பணம் இடிக்கிறது என்றால் யோசிக்காமல் அரசு ஆஸ்பத்திரி.

மகளின் கல்யாணத்தை நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர் வாய்க்குச் சட்டம் இல்லைதான், அதற்குப் பக்கத்து மாவட்டமோ வீடியோவோ வழி. தள்ளிப்போட்டால் நோய் முற்றி ஊருக்கே தெரிய வரும் நிலை வரலாம், அதையும் கணக்கில் சேருங்கள்.

கணவர் குடிக்கிறார், வரமாட்டேன் என்கிறார். நீங்கள் மட்டும் போகலாம். உங்கள் தூக்கத்துக்கும் பயத்துக்கும் உதவி கேட்க அவர் வர வேண்டியதில்லை. தினமும் நிறையக் குடித்து வந்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நிறுத்துவது டாக்டர் கண்காணிப்பில் நடக்கட்டும்.

போன இடம் சரிப்படவில்லை என்றால் என்ன செய்வது? நாலு முதல் ஆறு முறை பார்த்தும் எதுவும் அசையவில்லை என்றால், பலன் தெரியவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் முறையை மாற்றுவார் அல்லது வேறொருவரிடம் அனுப்புவார். அவரோடு ஒட்டவில்லை என்பதும் மாறுவதற்குப் போதுமான காரணம்தான். மாறும்போது உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. எதற்கும் ஒவ்வொரு சீட்டையும் மாத்திரை அட்டையையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். புது இடத்தில் முதல் பத்து நிமிடத்தைப் பழைய மாத்திரைப் பெயரை நினைவுபடுத்துவதில் செலவழிக்க வேண்டாம்.